சிலாங்கூர் ஆற்றின் சேறு சொல்லும் வரலாறு



நம் நாட்டு வரைபடத்தை விரித்து, மேற்குக் கரையோரமாக விரலை ஓட்டிப் பாருங்கள். கோலகுராவ், கோலசிலாங்கூர், கோலலிங்கி என்று "கோலா"வில் தொடங்கும் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆறு கடலில் கலக்கும் இடத்தையும், ஓர் ஆறு மற்றோர் ஆற்றோடு கூடும் இடத்தையும் மலாய் மொழியில் கோலா என்பார்கள். கடலோடு கலக்கும் இடத்தை நாம் கழிமுகம் என்றும் முகத்துவாரம் என்றும் சொல்கிறோம். நம் தலைநகரின் பெயரில் வரும் "லும்பூர்" என்ற சொல்லுக்குச் சேறு என்பது பொருள். கழிமுகமும் சேறும் இந்நாட்டு மக்களுக்குப் புதியவை அல்ல என்பதற்கு ஊர்ப்பெயர்களே சாட்சி.

ஆனால், கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் நம் ஆறுகள் கழிமுகத்திற்குக் கொண்டுவந்து சேர்த்த சேறு, முன்னாளில் வந்த சேறு போன்றது அன்று. அளவிலும் வேறு, உள்ளே கலந்திருக்கும் பொருளிலும் வேறு. அதை எடுத்துக்காட்ட நாம் சிலாங்கூர் ஆறு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த ஆற்றங்கரைத் தோட்டம் ஒன்றில் உள்ள பள்ளியில்தான் நாம் ஆசிரியராகப் பணிபுரிகிறோம் என்பதும் ஒரு காரணம்.

சிலாங்கூர் ஆறு பிரேசர் மலைப் பகுதியில் தோன்றி, கோலகுபு வழியாக இறங்கி, பத்தாங் பெர்ஜுந்தை, கம்போங் குவாந்தான் ஆகிய இடங்களைக் கடந்து, கோலசிலாங்கூரில் மலாக்கா நீரிணையை அடைகிறது. நீளம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். உலகத்துப் பேராறுகளோடு வைத்துப் பார்த்தால் ஓர் ஓடை. இந்தச் சிறிய ஆறு பட்ட பாடு சிறிதன்று.

கதையை 1883ஆம் ஆண்டில் தொடங்குவோம். அப்போது கோலகுபுவில் மண்ணையும் மரத்தையும் கொண்டு கட்டிய பழைய அணை ஒன்று இருந்தது. ஈயம் எடுப்பவர்களுக்கு நீர் தருவதற்காக முற்காலத்து மலாய்க்காரர்கள் அதைக் கட்டியிருந்தார்கள். அவ்வாண்டு அக்டோபர் 29ஆம் நாள், பெருமழையில் அந்த அணை உடைந்தது. ஊரே நீரில் அடித்துச் செல்லப்பட்டது. உலு சிலாங்கூர் மாவட்டத்தின் வரி வசூல் அதிகாரியாகவும் நீதிபதியாகவும் இருந்த சிசில் ரேங்கிங் என்ற ஆங்கிலேயரும் வெள்ளத்தில் மாண்டார். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டுவிட்டார், அதன் சினமே அணையை உடைத்தது என்று ஊர்மக்கள் சொல்லிவந்த கதையை இன்றும் கேட்கலாம். அந்த இடத்திற்கு அம்பாங் பெச்சா என்று பெயர் நிலைத்துவிட்டது. அம்பாங் என்றால் அணை. பெச்சா என்றால் உடைந்தது.

இந்த வெள்ளத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பின் நடந்ததைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. நம் கருத்தில் பின்னதே பெரிய செய்தி. உடைந்த ஊரை மக்கள் மறுபடி கட்டினார்கள். ஈயத் தொழில் முன்னிலும் வேகமாக வளர்ந்தது. மலையடிவாரத்தில் மண்ணைக் கரைத்துக் கழுவக் கழுவ, கழிவு மண் எல்லாம் ஆற்றில் இறங்கியது. ஆற்றின் படுகை ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்தது. படுகை உயர்ந்தால், ஒரு நாள் மழைக்கே நீர் கரைமீறும் அல்லவா? கோலகுபு அடிக்கடி வெள்ளத்தில் மூழ்கியது. வெள்ளம் வடிந்தாலும் அது கொண்டுவந்த மண் வடிவதில்லை. தெருவிலும் வீட்டுக்குள்ளும் தங்கிவிடும். 1926ஆம் ஆண்டின் பெருவெள்ளத்திற்குப் பிறகு, இந்த ஊரைக் காப்பாற்ற இயலாது என்று அரசாங்கமே கைவிட்டது. மேட்டு நிலத்தில் புதிய ஊர் அமைக்கப்பட்டது. அதுவே இன்று நாம் காணும் கோலகுபு பாரு. பாரு என்றால் புதியது. நகரமைப்பு வல்லுநர் சார்ல்ஸ் ரீட் என்பவர் அதற்குத் திட்டம் வகுத்தார். அணை உடைந்து அழிந்தது ஒரே நாளில். சேற்றினால் அழிய நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த நாற்பது ஆண்டும் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஈயம் எடுப்பதால் இவ்வளவு மண் எப்படி வரும் என்று நேயர்கள் கேட்கலாம். ஈயம் கட்டியாகக் கிடைப்பதில்லை. ஆற்றோரத்து வண்டல் நிலத்தில் கறுத்த மணலாக, மிகச் சிறிய அளவில் கலந்து கிடக்கிறது. மண் கப்பல்கள் தோண்டிய நிலங்களில், ஒரு கன கெஜம் மண்ணைக் கழுவினால் பெரும்பாலும் ஓர் இராத்தலுக்கும் குறைவான ஈயமணலே கிடைக்கும். ஒரு கன கெஜம் மண் ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ளது. ஆக, ஓர் இராத்தலுக்காக ஒரு டன் மண் கரைக்கப்படுகிறது. மணலும் கூழாங்கல்லும் லம்பத்தின் பக்கத்திலேயே குவிந்துவிடும். மாவைப் போன்ற களிமண் நீரோடு போய்விடும். ஒரு காலத்தில் உலக ஈயத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம் நாட்டிலிருந்து சென்றது. அப்படியானால் எவ்வளவு மண் கரைந்திருக்கும் என்பதை நேயர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பழியை எல்லாம் ஈய லம்பத்தின் மேல் போட்டுவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் தோட்டத்தில் எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டி இருக்கிறார். அவரிடம் ஒரு நாள் ஆற்றைப் பற்றி விசாரித்தோம். "எங்கம்மா புல்லு வெட்டுல இருந்தாங்க, வாத்தியாரே. நிரையில ஒரு புல்லு தலை நீட்டினாலும் கங்காணி அரைப்பேரு போட்டுடுவாராம். தரை கூட்டி மெழுகின வாசல் மாதிரி இருக்கணும்னு தொரை சொல்லுவாராம்" என்றார். பால்மரம் நடத் தொடங்கிய காலத்தில், அதாவது இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் முதல் பகுதியில், மரத்துக்குச் சேரவேண்டிய உரத்தைப் புல் தின்றுவிடும் என்று எண்ணித் தோட்டங்களில் தரையை வெறுமையாக வைத்திருந்தார்கள். இந்நாட்டில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. வெறுந்தரை அதை எப்படித் தாங்கும்? மேல்மண் கரைந்து கான்களில் ஓடி ஆற்றில் விழுந்தது. பிற்பாடுதான் பயற்றங்கொடி இனத்தைச் சேர்ந்த மூடுபயிர்களைத் தரையில் படரவிட்டால் மண் நிற்கும், சத்தும் சேரும் என்று கண்டறிந்து வழக்கத்தை மாற்றினார்கள்.

அரைப்பேருக்கு அஞ்சிக் குனிந்து புல் வெட்டியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். கட்டளை அவர்களுடையது அன்று. எனினும் அந்த ஆற்று மண்ணில் அவர்களுடைய வியர்வையும் கலந்திருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வெட்டுக்குப் பதிலாக மருந்து வந்தபோது, சோடியம் ஆர்செனைட் என்ற களைக்கொல்லி பல தோட்டங்களில் பல்லாண்டுகள் தெளிக்கப்பட்டது. ஆர்செனிக் என்பது நம்மவர்கள் பாஷாணம் என்று அறிந்த நஞ்சு. அந்தப் புல்லை மேய்ந்து மாடுகள் செத்த கதைகளைப் பழைய தோட்டத்து மக்கள் சொல்வார்கள். தெளித்தவர்களைப் பற்றிய கதைகளை அவ்வளவாகச் சொல்வதில்லை.

சரி, இந்த மண் எல்லாம் எங்கே போயிற்று? கடலுக்குப் போய்விட்டது என்று சொல்லிவிடுவது எளிது. அப்படித்தான் நாமும் பள்ளியில் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்காக ஒரு சிறு சோதனை செய்தோம். நேயர்களும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நல்ல நீர் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி களிமண்ணைக் கரைத்துக் கலக்கினோம். ஒன்றில் மட்டும் ஒரு பிடி உப்புப் போட்டோம். இரண்டையும் சன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுக் கணக்குப் பாடத்தைத் தொடங்கினோம். பாடம் முடிவதற்குள் உப்பிட்ட குவளையில் மண் திரிதிரியாகத் திரண்டு அடியில் இறங்கிவிட்டது, மேல்நீர் தெளிந்துவிட்டது. உப்பில்லாத குவளையில் மறுநாள் காலையிலும் நீர் தேத்தண்ணீரைப் போலக் கலங்கியே இருந்தது.

காரணம் இதுதான். களிமண் துகள்கள் மிக நுண்ணியவை. அவற்றின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் உண்டு. ஒரே வகை மின்னூட்டம் உடையவை ஒன்றையொன்று விலக்கும் என்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஆதலால் நன்னீரில் அவை கூடாமல் மிதந்துகொண்டே வருகின்றன. கடல்நீரிலுள்ள உப்பு அந்த விலக்கத்தை அடக்கிவிடுகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு, கனத்து, கீழே விழுகின்றன. இது எங்கே நடக்கும்? நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் இடத்தில், அதாவது கழிமுகத்தில். அங்கே ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இரண்டு முறை மாறிமாறி நீரை முன்னும் பின்னும் தள்ளுகின்றன. சதுப்புநிலக் காட்டு மரங்களின் வேர்கள் வேறு சேற்றைச் சீப்பில் சிக்கிய முடியைப் போலப் பிடித்துக்கொள்கின்றன. ஆக, மலையிலிருந்து இறங்கிய மண்ணில் பெரும்பகுதி ஆழ்கடலைக் காண்பதே இல்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறது.

உட்காருவது மண் மட்டும் அன்று. களிமண் துகளின் மேற்பரப்பு, கன உலோகங்களைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. காரீயம், செம்பு, துத்தநாகம், கேட்மியம், பாஷாணம் ஆகியவை நீரில் கரைந்து போவதைவிடச் சேற்றில் ஒட்டிக்கொண்டு போவதே மிகுதி. ஈயமணல் கிடக்கும் நிலத்தில் பாஷாணம் கலந்த கனிமங்களும் உடன் கிடப்பதுண்டு. பூமிக்கடியில் புதைந்து கிடந்தவரை அவற்றால் தொல்லை இல்லை. தோண்டிக் கழுவியபோது அவையும் பயணம் புறப்பட்டன. பின்னாளில் ஆற்றோரம் எழுந்த ஆலைகள், நெடுஞ்சாலைகள், பட்டறைகள், நகரத்துச் சாக்கடைகள் ஆகியவற்றின் உலோகமும் அதே சேற்றில் ஏறிக்கொண்டது. ஒரே பேருந்தில் பல ஊர்க்காரர்கள் ஏறுவது போல என்று மாணவர்களுக்குச் சொன்னோம்.

கோலகுபு அணை உடைந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1884ஆம் ஆண்டு சனவரியில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இதே போன்ற ஒரு வழக்கிற்குத் தீர்ப்பு வந்தது என்பது வியப்பான ஒற்றுமை. அங்கே 1853 முதல் தங்கத்திற்காக மலைகளையே நீர்ப்பீரங்கியால் கரைத்து வந்தார்கள். கரைந்த மண் கீழே இருந்த உழவர்களின் வயல்களை மூடியது. உழவர்கள் வழக்காடினார்கள். ஆற்றில் கழிவு மண்ணைக் கொட்டக் கூடாது என்று நீதிபதி சாயர் தீர்ப்பளித்தார். தொழில் அடங்கியது. ஆனால் மண் அடங்கவில்லை. கில்பர்ட் என்ற நிலவியல் அறிஞர் அதை ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்து 1917இல் எழுதிய நூல் இன்றும் இத்துறையில் முதல் நூலாகப் போற்றப்படுகிறது. கழிவு மண் ஒரு மெதுவான அலையைப் போல ஆற்றில் நகர்ந்து, சுரங்கம் மூடிய பல ஆண்டுகளுக்குப் பின்னும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவை நோக்கி வந்துகொண்டே இருந்ததை அவர் காட்டினார். தங்கம் பிரிக்கப் பயன்படுத்திய பாதரசமும் அந்த மண்ணோடு வந்தது. இன்றும் அந்த விரிகுடாவின் சேற்றில் அது இருக்கிறது.

நம் ஆற்றிலும் தொழில் அடங்கியது, வேறு காரணத்தால். 1985ஆம் ஆண்டு அக்டோபரில் அனைத்துலக ஈயச் சந்தை சரிந்து விழுந்தது. லம்பங்கள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். நம்மவரும் அதில் உண்டு. பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. மண் கப்பல்கள் தோண்டிய குட்டைகள் அங்கே ஏரிகளைப் போலப் பரந்து கிடக்கின்றன. மேலே நின்று பார்த்தால் அழகான நீலம். மலாயாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பகுதி மண்ணையும் நீரையும் ஆராய்ந்து, பாஷாணமும் காரீயமும் செம்பும் துத்தநாகமும் அங்கே தங்கியிருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். 2014ஆம் ஆண்டு வறட்சியில் சிலாங்கூர் ஆறு வற்றியபோது, இத்தகைய பழைய குட்டைகளின் நீரை ஆற்றில் சேர்த்துக் குடிநீருக்கு எடுக்கும் திட்டம் வந்தது. அந்த நீரில் உலோகம் இருக்கிறதா இல்லையா என்று நாடே விவாதித்தது. லம்பம் மூடி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து எழுந்த கேள்வி அது.

கழிமுகத்துச் சேற்றை அறிஞர்கள் படிக்கும் முறை வரலாற்று ஆசிரியர்களுக்குப் பொறாமை தரக்கூடியது. நீண்ட குழாயைச் சேற்றில் நேராக இறக்கி, உருவி எடுக்கிறார்கள். மேலே இருப்பது அண்மைக் காலத்துப் படிவு. கீழே போகப் போகப் பழங்காலம். காரீயம் 210 என்ற கதிரியக்க வகை ஏறத்தாழ 22 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். அதை அளந்து ஒவ்வோர் அடுக்கின் வயதையும் சொல்லிவிடுகிறார்கள். நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் வரை இந்த முறை செல்லும். சேறு கலையாமல் கிடந்த இடமாக இருந்தால், லம்பம் திறந்த காலம், காடழித்த காலம், ஆலை வந்த காலம் எல்லாம் அடுக்கடுக்காகத் தெரியும். மாவட்ட அதிகாரியின் அறிக்கை சில செய்திகளை விட்டுவிடலாம். சேறு விட்டுவைப்பதில்லை.

சோதனை செய்த அன்று, நம் மாணவன் ஒருவன் எழுந்து, "சார், அப்படின்னா கெராங் சாப்பிடலாமா?" என்று கேட்டான். கெராங் என்பது கோலசிலாங்கூர், ஜெராம் கரையோரச் சேற்றில் வளரும் சிப்பி. அதன் உடலில் நம்மைப் போலவே சிவந்த இரத்தம் உண்டு. அவனுடைய மாமா அந்தச் சிப்பியை வாங்கி விற்பவர். வகுப்பே திரும்பி நம் முகத்தைப் பார்த்தது.

எளிதாகப் பதில் சொல்லக்கூடிய கேள்வி அன்று. சிப்பி சேற்றிலேயே வாழ்ந்து, நீரை வடிகட்டி உணவு கொள்கிறது. நீரில் மிதக்கும் துகளில் உலோகம் இருந்தால் அதுவும் உடலில் சேரும். அவித்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. உணவில் உலோகம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகளில் வரம்பு உண்டு. "எப்போதாவது கொஞ்சம் சாப்பிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. எந்த இடத்துச் சிப்பி என்று கேட்டு வாங்கச் சொல். ஆலைக் கான் வந்து விழும் இடத்தில் அள்ளியது வேண்டாம்" என்றோம். அவன் தலையாட்டினான். "மாமா எல்லாத்தையும் ஒரே மூட்டையிலதான் போடுவாரு, சார்" என்றான். அதற்கு நம்மிடம் பதில் இருக்கவில்லை. 2010க்குப் பின் வந்த ஆண்டுகளில் நாட்டின் கெராங் விளைச்சல் மிகவும் வீழ்ந்தது. நீர் கெட்டது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. அந்த மாமா இப்போது வேறு வேலைக்குப் போகிறாராம்.

அப்படியானால் சேற்றை அள்ளி எறிந்துவிட்டால் என்ன? நாமும் அப்படி எண்ணியதுண்டு. கழிமுகத்தின் அடிச்சேறு கறுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்துடன் இருக்கும். அங்கே பிராணவாயு இல்லை. கந்தகம் உலோகங்களைப் பிணைத்து அடக்கி வைத்திருக்கிறது. அதைக் கிளறினால் காற்றுப் பட்டுப் பிணைப்பு விட்டுவிடும். உறங்கிக்கிடந்த உலோகம் மறுபடி நீரில் கலக்கும். துறைமுகத்திற்காகத் தூர்வாரும்போதும், சதுப்புநிலக் காட்டை வெட்டி இறால் குட்டை தோண்டும்போதும் இதுவே நேர்கிறது. சப்பானின் மினமாத்தா விரிகுடாவில் பாதரசச் சேற்றை என்ன செய்வதென்று தெரியாமல், கடைசியில் அதை உறிஞ்சி எடுத்து ஒரு பகுதிக்குள் அடைத்து மேலே மண் மூடினார்கள். 58 ஹெக்டர் நிலம் அப்படி உருவாயிற்று. அந்த வேலை முடிந்தது 1990இல். அங்கே நோய் கண்டறியப்பட்டது 1956இல்.

சுற்றுச்சூழல் தரச் சட்டம் நம் நாட்டில் 1974ஆம் ஆண்டில் வந்தது. செம்பனை ஆலைக்கும் இரப்பர் ஆலைக்கும் கழிவுநீர் விதிகள் அடுத்த சில ஆண்டுகளில் வந்தன. அவற்றால் நன்மை விளைந்தது உண்மை. மேலே கோலகுபு பாருவுக்கு அருகில், 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் குடிநீருக்காகப் பெரிய அணை ஒன்றும் எழுந்தது. உடைந்த அணையின் ஊருக்கு மேலேயே இன்னோர் அணை. மேல்மலை மண்ணில் ஒரு பகுதியை இப்போது அது தேக்கிக்கொள்கிறது. அதற்குக் கீழே திறந்து கிடக்கும் நிலத்து மண்ணும், ஏற்கனவே ஆற்றில் இறங்கிவிட்ட மண்ணும் தம் பயணத்தைத் தொடர்கின்றன.

நம் தோட்டத்துப் பாட்டி இன்னொன்றும் சொல்லியிருந்தார். "ஆத்துல குளிக்கிற படி அப்ப பதினொண்ணு இருந்துச்சு. இப்ப மூணுதான் தெரியுது. மிச்சம் எங்கயும் போகல, மண்ணுக்குள்ளதான் கெடக்கு" என்றார். நமக்கு அது மிகையாகப் பட்டது. நீர் வற்றியிருந்த ஒரு மாதத்தில் மாணவர்கள் இருவரை அழைத்துக்கொண்டு, மண்வெட்டியுடன் போய்த் தோண்டிப் பார்த்தோம். மேலே செம்மண். முழங்கால் ஆழத்தில் நான்காம் படி தட்டுப்பட்டது. அதற்குக் கீழே, ஐந்தாம் படியின் மேல், மண் நிறம் மாறி வெளிறிய சாம்பல் நிறத்தில், விரலில் மாவைப் போல் ஒட்டியது. ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டு போய்ப் பாட்டியிடம் காட்டினோம். கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது லம்பத்து மண்ணு, வாத்தியாரே" என்றார். ஆறாம் படிவரை தோண்டுவதற்குள் ஊற்று நீர் வந்து குழியை மூடிவிட்டது.